வன்னி முற்றத்து நாய்: உடைமையும் பராமரிப்பும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை ஆராயப் புகுவோர் யானையை அடிக்கடி சந்திப்பர். வன்னிமைகள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் திறையாகச் செலுத்தியது யானை. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் கடனீரேரியின் ஆழங்குறைந்த இடத்தைக் கடந்து குடாநாட்டினுட் செலுத்தப்பட்ட வழியே ஆனையிறவு எனப் பெயர் பெற்றது. விலையுடைய விலங்கு என்பதனால் யானை எண்ணப்பட்டது. எண்ணப்பட்டமையால் ஏட்டில் ஏறியது. ஏட்டில் ஏறியமையால் வரலாற்றில் நின்றது. அதே நிலத்தில், அதே மக்களின் முற்றத்திற் படுத்துக்கிடந்த நாய் திறைப்பொருளன்று, விற்கப்படவுமில்லை, வாங்கப்படவுமில்லை. ஆதலின் அதன் வரலாறு எழுதப்படாமலே போயிற்று.

எழுதப்படாமை இல்லாமையாகாது. சாதாரண மனிதரின் வாழ்வும் நெடுங்காலம் இவ்வாறே ஏடுகளுக்கு வெளியே கிடந்தது என்பதை இன்றைய வரலாற்று மாணவர் அறிவர். முற்றத்து நாயின் வரலாற்றைத் தேடுவது, அந்த முற்றத்தில் வாழ்ந்த மனிதரின் வரலாற்றைத் தேடுவதன் ஒரு பகுதியேயாகும். இக்கட்டுரை முரசுமோட்டை என்னும் ஊரை நிலைக்களமாகக் கொண்டு, நாயை உடைமையாகக் கொள்ளுதலும் நாயைப் பராமரித்தலும் ஒன்றல்ல என்பதையும், இவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில் எவ்வாறு பிரிந்தும் சேர்ந்தும் வந்துள்ளன என்பதையும் நோக்க முயல்கின்றது.

முரசுமோட்டை கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேசத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த நெற்செய்கைக் கிராமமாகும். மோட்டை என்னும் ஈறு வன்னியின் ஊர்ப்பெயர்களிற் பயின்று வருவது. நீர் தேங்கி நிற்கும் பள்ளத்தைக் குறிப்பது. 1902ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய இரணைமடுக் குளத்தின் நீர் இப்பகுதி வயல்களுக்குப் பாய்கின்றது. 1936ஆம் ஆண்டிற் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. குடாநாட்டின் நெருக்கத்திலிருந்து நிலந்தேடி வந்தோரும், 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களுக்குப் பின்னர் புகலிடந்தேடி மலையகத்திலிருந்து வந்தோரும் இப்பிரதேசத்தின் மக்களாயினர். காடு வெட்டிக் கழனி திருத்திய மக்களுக்குக் காட்டுப்பன்றியும் யானையும் பாம்பும் அன்றாட அச்சங்களாக இருந்தன. வயலிற் காவற்கொட்டில் அமைத்து இரவைக் கழித்தவனுக்கு உறங்காத் துணையாக இருந்தது நாய். இவ்வூரில் நாயின் வரலாறு குடியேற்றத்தின் வரலாற்றோடு தொடங்குகின்றது எனலாம்.

நாயும் ஊரும்

நாய்க்கும் குடியிருப்புக்கும் உள்ள தொடர்பினைப் பண்டையோர் நன்குணர்ந்திருந்தனர். மகாவம்சத்தின் விசயன் கதை இதற்குச் சான்று. விசயனும் அவனுடைய தோழரும் இலங்கையிற் கரையேறியபோது, இயக்கி ஒருத்தி பெண்நாயின் வடிவெடுத்து அவர்கள்முன் தோன்றுகின்றாள். ஊர் உள்ள இடத்திலன்றோ நாய் இருக்கும் என எண்ணித் தோழருள் ஒருவன், இளவரசன் தடுத்தும் கேளாது அதனைப் பின்தொடர்கின்றான். சென்றவன் குவேனி நூல் நூற்றுக்கொண்டிருக்கும் இடத்தை அடைகின்றான். இது ஐதிகமேயன்றி வரலாற்று நிகழ்ச்சியன்று. எனினும் அக்கதையை எழுதியவர் காலத்து மக்கள் நாயை எவ்வாறு நோக்கினர் என்பதற்கு இது வரலாற்றுச் சான்றேயாகும். காட்டு விலங்கு காட்டைக் காட்டும். நாய் மனிதனைக் காட்டும். அடுப்புப் புகையைப் போல நாயும் மனித வாழ்வின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

தமிழகத்திற் கிடைத்த சான்று இன்னும் நெருக்கமானது. சங்க நூல்கள் நாயை ஞமலி எனவும் வழங்கி, வேட்டுவரோடும் ஆயரோடும் அதனைத் தொடர்புபடுத்துகின்றன. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், வீரன் ஒருவனோடு அவனது நாயையும் காட்டுகின்றது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல்நின்ற செய்தி அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குப் பெயர் இருந்தது, அப்பெயர் கல்லில் எழுதத் தக்கதெனக் கருதப்பட்டது என்னும் இரு செய்திகளும் சிந்தித்தற்குரியன. பெயரிடுதல் பராமரிப்பின் தொடக்கம். பெயரை நினைவிற் கொள்ளுதல் அதன் முடிவு.

தமிழ் மரபு நாயை எப்பொழுதும் உயர்த்தியதென்று கூறிவிட முடியாது. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக் கூற நாயேன் என்றார். நாய் வாலை நிமிர்த்த முடியாதென்பது பழமொழி. ஆயினும் நாலடியார், நட்பினை ஆராயுமிடத்து யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்தி, நாய்க்கே முதன்மை அளிக்கின்றது. நெடுநாட் பழகியும் யானை தன் பாகனையே கொல்லும். எறிந்த வேல் உடலிற் கிடக்கும்போதும் நாய் தன்னை வளர்த்தவனை நோக்கி வாலைக் குழைக்கும் என்பது அந்நூலின் கருத்து. திறை ஏட்டில் இடம்பெற்ற யானை நட்பின் ஏட்டிற் பின்தள்ளப்படுவது கருதத்தக்கது.

சமயவழக்கிலும் இவ்விருமை காணப்படுகின்றது. ஈழத்துத் தமிழ்க் கிராமங்களில் மரத்தடியிற் சூலமாக நின்று காவல்புரியும் வைரவருக்கு ஊர்தி நாய். வைரவருக்கு வடைமாலை சாத்தும் கைகளே, அடுக்களைக்குள் நுழையும் நாயை விறகுக்கட்டையால் விரட்டுகின்றன. அதே கைகளே மாலையில் எஞ்சிய சோற்றை வேலியோரத்தில் வைக்கின்றன. கிடுகுவேலியின் அடியில் நாய் நுழைந்து நுழைந்து உண்டான பொட்டு எத்தனையோ வளவுகளில் அடைக்கப்படாமலே விடப்பட்டது. ஒரு வீட்டிற் சோறுண்டு, மறுவீட்டு மாமர நிழலில் உறங்கி, மூன்றாம் வீட்டுக்கு அந்நியர் வரும்போது குரைக்கும் நாய் எவருடைய உடைமையும் அன்று. அது ஊரின் நாய். அதனிடத்து உடைமை இல்லை. பராமரிப்பு, குறைந்த அளவிலேனும், இருந்தது.

சட்டமும் உடைமையும்

பிரித்தானியர் ஆட்சி நாயை வேறொரு கண்கொண்டு நோக்கியது. 1845ஆம் ஆண்டுமுதல் 1850ஆம் ஆண்டுவரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் ரெனென்ற், இந்நாட்டு விலங்குகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் தெருநாய்களைக் குறிப்பிடுகின்றார். உரிமையாளர் எவருமற்று, கழிவுகளைத் தின்று, மெலிந்து சொறிபிடித்து அலையும் அவலச் சாதி என அவற்றை வருணிக்கும் அவர், ஓர் இன்சொல்லோ இரக்கமுடைய பார்வையோ கிடைத்தால் அவை நீங்காப் பற்றுக்கொள்ளும் என்பதையும் உடன் கூறுகின்றார். ஆண்டுதோறும் அரசாங்கம் பரிசு அறிவிக்க, தங்களுக்குச் சோறு கிடைத்த வாயிற்படிகளிலேயே அந்நாய்கள் பொல்லுகளால் அடித்துக் கொல்லப்பட்டமையையும் அவர் பதிவு செய்துள்ளார். சோறிட்ட வாயிலே கொலைக்களமாயிற்று என்பதே அச்செய்தியின் கொடுமை. சோறிட்ட கை இருந்தது. ஆனால் அக்கை சட்டத்தின் கண்ணில் உரிமையாளரின் கையன்று.

இவ்விடத்துச் சொல்லாட்சி ஒன்றையும் கவனித்தல் வேண்டும். ஆங்கிலேயர் இந்நாய்களைப் பறையர் என்னும் சாதிப்பெயரால் அழைத்தனர். தமிழ்ச் சமூகம் மனிதரிற் சிலரை இழிவுபடுத்தப் பயன்படுத்திய பெயர், ஆங்கிலத்திற் சென்று விலங்கின் பெயராகி, பறைநாய் என மீண்டும் நம் வழக்கினுட் புகுந்து நிலைத்தது. இதன் எதிர்முனையில், வெளிநாட்டு உயரினத்து நாயைச் சாதிநாய் என்று கூறும் வழக்கும் ஏற்பட்டது. மனிதரிடையே நிலவிய ஏற்றத்தாழ்வு நாயின்மேலும் சுமத்தப்பட்டதற்கு இவ்விரு சொற்களும் சான்றாகும். இச்சொற்களைக் கைவிடுதல் நாயின்பொருட்டன்று, மனிதரின்பொருட்டே வேண்டப்படுவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விசர்நாய்க்கடி நோய் பற்றிய அறிவு மாற்றமடைந்தது. பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்ரர் 1885ஆம் ஆண்டில் விசர்நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தமது தடுப்பு மருந்தை முதன்முதலாக ஏற்றினார். இலங்கையில் 1893ஆம் ஆண்டில் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டில் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. நாய்க்கு உரிமையாளர் ஒருவர் உண்டு, அவர் அதனைப் பதிவு செய்தல் வேண்டும் என்பதே பிந்திய சட்டத்தின் அடிப்படை. நோய்த்தடுப்பு நோக்கில் இது நியாயமானதே. ஆயினும், மூன்று வீடுகளில் உண்டு வாழும் ஊர்நாய்க்கு இச்சட்டம் பொருந்தவில்லை. உடைமை இல்லாவிடிற் பராமரிப்பும் இல்லையென்னும் எண்ணம் சட்டத்தின் உட்கிடையாக அமைந்தது. ஊராரோ, பராமரித்தாலும் உடைமைப்பொறுப்பு நமக்கில்லை என இருந்துவிட்டனர். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலேயே நோய் புகுந்தது. 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். பரவலான தடுப்பூசியின் பயனாக அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் குறைந்துள்ளது. இந்த வேறுபாட்டில் அடங்கியிருப்பவை மனித உயிர்கள். அவற்றுட் பல சிறுவரின் உயிர்கள் என்பதை மறத்தலாகாது.

இனமும் கலப்பும்

நாயினம் என்று இன்று கூறப்படுவது பழமையானதொரு கருத்தன்று. நாய் மனிதனோடு வாழத் தொடங்கிப் பதினையாயிரம் ஆண்டுகளேனும் ஆகியிருக்கும். இனத்தூய்மை பற்றிய எண்ணமோ பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859ஆம் ஆண்டில் நாய்க்கண்காட்சி நடைபெற்றது. 1873ஆம் ஆண்டில் அங்கு நாய்களின் வமிசப் பதிவினைப் பேணும் சங்கம் நிறுவப்பட்டது. விக்ரோறியா மகாராணி 1888ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து சிறிய பொமரேனியன் நாயைக் கொண்டுசென்றபின், அவ்வினத்தின் குறுகிய வடிவம் பெருவழக்காயிற்று. குளிர்நாட்டு அரண்மனையில் மதிப்புப்பெற்ற சடைநாய், பேரரசின் வழிகளிலே வெப்பநாடுகளுக்கும் வந்தது. துரைமாரின் வீடுகளிலிருந்து உத்தியோகத்தரின் வீடுகளுக்கும், அங்கிருந்து நடுத்தர வகுப்பினரின் வீடுகளுக்கும் அது பரவியது. அதன் பெயர்களும் உடன் பரவின. கோவிவன் என்று பெயரிட்ட மரபினர் தம் நாய்களை ஜிம்மி, ரைகர் என அழைக்கலாயினர்.

வமிசப் பதிவேட்டை நாய் வாசிப்பதில்லை. வேலிப்பொட்டு இருபுறமும் திறந்தது. சடைநாய்க்கும் ஊர்நாய்க்கும் பிறந்த சிறிய கலப்புநாய் இன்று இலங்கைத் தமிழர் வீடுகளிற் பரவலாகக் காணப்படுவது. குட்டையான கால், சுருண்ட வால், கழுத்திற் சற்று அடர்ந்த உரோமம், எவர் வந்தாலும் முதலிற் குரைக்கும் குணம் ஆகியவை அதன் அடையாளங்கள். அயலவருக்கோ உறவினருக்கோ குட்டியாகக் கொடுக்கப்படும் இதற்கு விலை பெரும்பாலும் இல்லை. வயற்காவலுக்கு உருவம் போதாது; வேட்டைக்கும் உதவாது. பயன்கருதி நாய் வளர்த்த சமூகத்தில், துணைக்காகவே வளர்க்கப்படும் நாய் தோன்றியமை ஒரு சமூக மாற்றமாகும். பிள்ளைகள் வெளிநாடு சென்ற வீட்டில் முதியவருக்கு அது பேச்சுத்துணை. போரிற் பலரை இழந்த வீட்டில், நாள்தோறும் ஓருயிருக்கு உணவு வைத்தல் வேண்டும் என்பதே எழுந்து நடமாடுவதற்கு ஒரு காரணமாகின்றது.

இடப்பெயர்வு

மகாவம்சத் தோழனின் ஊகம் வன்னியிற் பொய்த்துப்போன காலமும் உண்டு. 1996ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பரந்தனும் கிளிநொச்சியும் போர்க்களமானபோது அயற்கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2006ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டது. நாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறையைக் கைவிடுவதென அரசு கொள்கையளவில் முடிவெடுத்ததும் அதே ஆண்டிலேயே என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 2009 சனவரியின் தொடக்க நாட்களிற் பரந்தனும் கிளிநொச்சியும் வீழ்ந்தபின், முரசுமோட்டையிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு எனக் கிழக்கு நோக்கி மக்கள் நகர்ந்தனர். அந்த வழி 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்றது.

உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூடைக்கும் கூரைத்தகட்டுக்கும் இடமிருந்தது, முதியவருக்கும் நோயாளருக்கும் இடம் தேடவேண்டியிருந்தது, நாய்க்கு இடமிருக்கவில்லை. இதனை அன்பின்மை எனக் கூறுவோர் அக்காலத்தை அறியாதவர். தம் பிள்ளைக்கே உணவில்லாதவரிடம் நாயின் பங்கினை எவரும் கேட்க முடியாது. வண்டியின் பின்னே ஓடிவந்து, பின்பு ஓட இயலாது நின்ற நாயைத் திரும்பிப் பார்த்தவர்கள் அதனை வாய்விட்டுச் சொல்லவும் தயங்கினர். மனித இழப்பின் முன்னே நாயின் இழப்பைப் பேசுவது தகாதென எண்ணினர். ஆதலின் அத்துயர் எண்ணப்படாத துயராயிற்று. ஊர் உள்ள இடத்தில் நாய் இருக்கும் என்றிருந்தது மாறி, நாய் இருந்தும் ஊர் இல்லாத நிலை உண்டாயிற்று.

செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மக்கள் கட்டங்கட்டமாக மீளக் குடியமர்த்தப்பட்டனர். கூரையற்ற வீடுகளும் கண்ணிவெடி அச்சமும் அவர்களை எதிர்கொண்டன. வெடி அகற்றும் பணியிற் பயிற்றப்பெற்ற மோப்பநாய்களும் வன்னிக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுக்குப் பெயரும் பதிவும் மருத்துவரும் இருந்தன. முற்றத்து நாய்க்கோ பழைய நிலையே. ஆயினும், தறப்பாள் கொட்டிலின் வாயிலில் ஒரு நாய்க்குட்டி கட்டப்பட்டபோது அவ்விடம் தங்குமிடம் என்னும் நிலைமாறி மீண்டும் வீடாயிற்று. மீண்டும் ஓட நேராது என்னும் நம்பிக்கை ஓரளவேனும் இல்லாதவர் நாய்க்குட்டியை ஏற்பதில்லை.

இன்றைய கடப்பாடு

இவ்வரலாற்றின் ஒளியில் இன்றைய பராமரிப்பினை நோக்குதல் பொருத்தமாகும். சிறிய கலப்புநாய் பன்னிரண்டு முதற் பதினைந்து ஆண்டுவரை வாழக்கூடியது. குட்டியை ஏற்பவர் அத்தனை ஆண்டுக் கடமையை ஏற்கின்றார். விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏற்றுதல் முதற் கடமை. ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டால் நோயின் தொடர் அறுபடும் என்பது மருத்துவர் கண்ட முடிவு. ஆகவே இது ஒரு வீட்டின் காரியமன்று, ஊரின் காரியம். குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்னும் வைரசு நோய் 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவியது. பழைய தலைமுறையினர் அறிந்திராத இந்நோய்க்கும் தடுப்பூசி உண்டு.

சடையுரோமம் குளிர்நாட்டுக்கு உரியது. வன்னியின் வெயிலில் அதற்கு நிழலும் எந்நேரமும் தண்ணீரும் வேண்டும். உரோமத்தினுள் உண்ணி மறைந்து பெருகிக் காய்ச்சலை உண்டாக்குமாதலின் காது மடலையும் விரலிடுக்கையும் நாள்தோறும் பார்த்தல் நன்று. சோறும் மீனும் அதற்குப் போதுமான உணவின் அடிப்படையாகலாம். ஆனால் வெங்காயம் சேர்ந்த கறிக்குழம்பு நாயின் குருதிக்குத் தீங்கு செய்வது. சமைத்த கோழியெலும்பு சிதறித் தொண்டையையும் குடலையும் கிழிக்கக்கூடும். சிறிய பெண்நாய் பெரிய ஆண்நாயாற் கருவுற்றாற் பிரசவம் உயிராபத்தாதல் உண்டு. ஆகவே கருத்தடைச் சிகிச்சை இரக்கத்தின் பாற்பட்டதே. அது தெருவோரத்தில் விடப்படும் குட்டிகளின் தொகையையும் குறைக்கும். பெண்குட்டிகளையே பெரும்பாலும் தெருவில் விடும் வழக்கம் நாயைப் பற்றி மட்டுமன்றி நம்மைப் பற்றியும் ஒரு செய்தி கூறுகின்றது.

தொகுத்து நோக்குமிடத்து, ஊர்நாயை வளர்த்த பழைய முறையிற் பராமரிப்பு இருந்தது, பொறுப்பு இருக்கவில்லை. சட்டம் கொணர்ந்த முறையிற் பொறுப்பு வலியுறுத்தப்பட்டது, பரிவு இடம்பெறவில்லை. இனப்பெருமை கொணர்ந்த முறையில் உடைமை ஓர் அணிகலனாயிற்று. இம்மூன்றினின்றும் கொள்ளத்தக்கதைக் கொண்டு, பழைய ஊரின் பரிவையும் புதிய அறிவின் பொறுப்பையும் ஒன்றிணைத்தலே இன்று வேண்டப்படுவது. விலையற்ற, வமிசமற்ற, ஏட்டில் இடமற்ற சிறிய கலப்புநாயே அவ்விணைப்பிற்கு உண்மையான சோதனை. அதனைப் பேணுவோர் பெருமையின்பொருட்டோ பயனின்பொருட்டோ பேணுவதில்லை.

இன்று மாலைவேளையிற் பரந்தன் – முல்லைத்தீவு நெடுஞ்சாலை வழியே முரசுமோட்டையைக் கடப்போர் வேலிகளுக்குள்ளிருந்து எழும் குரைப்பொலியைக் கேட்பர். மகாவம்சத் தோழனின் ஊகம் மீண்டும் உண்மையாகியுள்ளது. நாய் இருக்கின்றது, ஆகவே இங்கே ஊர் இருக்கின்றது.